கடையைப் பற்றி ஊர் பேசும்போது கடைக்காரர் என்ன செய்யலாம்?

மெஸ், தையல் கடை, வீட்டில் அரைக்கும் மசாலாப் பொடி, வாட்ஸ்அப்பில் சேலை வியாபாரம் என்று எதையாவது புதிதாகத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளம்பரத்துக்கென்று பெரிய தொகை ஒதுக்க முடியாது, கையில் இருக்கும் ஒரு ஆண்ட்ராய்டு போனை வைத்துத்தான் எல்லாம் பார்க்கவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள்தான் என் மனதில் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களுக்கு ஏஜென்சி இருக்கிறது; அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில், என்ன மாறியது?

முன்பெல்லாம் சிற்றூரில் கடை திறந்தால் பிட் நோட்டீஸ் அடித்துக் காலை நாளிதழுக்குள் செருகிவிடுவோம். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாக அனுப்புவோம். கொஞ்சம் வசதி இருந்தால் லோக்கல் கேபிளில் திரைக்கு அடியில் ஓடும் எழுத்துக்கு மாதம் இவ்வளவு என்று கட்டுவோம். இவை எல்லாவற்றிலும் பேசுகிறவர் கடைக்காரர். இப்போது சாப்பிட வந்தவர் இலையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறார். அதைப் பார்த்த அவருடைய சித்தப்பா மகன் "எங்கடா இது, லொகேஷன் அனுப்பு" என்கிறான். நீங்கள் ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. அதே படத்தில் குழம்பு தண்ணியாகத் தெரிந்தால் அதைத் தடுக்கவும் உங்களால் முடியாது.

இந்த மாற்றம் செய்தித் துறையில்தான் முதலில் பளிச்சென்று தெரிந்தது. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. ஆறு மணி நேரத்துக்குள் பிபிசிக்குப் பொதுமக்களிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் வந்து குவிந்தன. சுரங்கத்துக்குள் நிருபர்கள் இல்லை, செல்போன் வைத்திருந்த பயணிகள் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து நம் ஊரில் அதையே பார்த்தோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஊழியர்கள் அச்சகம் போய்ச்சேர முடியாமல் தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பே ஒருநாள் அச்சாகவில்லை. அந்த நேரத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த மண்டபத்தில் தங்கலாம், யாரிடம் படகு இருக்கிறது என்ற பட்டியல்களை முகம் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலம். 2018-ல் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதை வீடியோ எடுத்துப் போடத் தொடங்கினார்கள். அதுதான் வில்லேஜ் குக்கிங் சேனல். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி தேர்தல் சுற்றுப்பயணத்துக்கு நடுவே அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே வருடம் ஜூலையில் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் யூடியூப் சேனல் அது. தேசியக் கட்சித் தலைவர் டிவி ஸ்டுடியோவுக்குப் போவதுபோல வயல்காட்டுக்கு வருகிறார் என்றால் எங்கே கூட்டம் இருக்கிறது என்று அவருடைய ஆட்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதில் கடைக்காரர் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான். லாபம் எதிர்பார்க்காமல் ஒருவர் சொல்வதை ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைக்கிற இடத்தில்தான் புதியவர்கள் பணத்தையும் பெயரையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள். கீழே வரும் வேலைகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஒன்று: மேப்பில் உங்கள் கடை உங்கள் கையில் இருக்கட்டும்

கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நீங்கள் பதிவு செய்யாமலேயே யாரோ ஒரு வாடிக்கையாளர் சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் புதிதாக இன்னொன்று தொடங்காமல், அதிலேயே 'இந்தக் கடை என்னுடையது' என்று உரிமை கோருங்கள். இல்லாவிட்டால் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் சேருங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. "கூகுளில் இருந்து பேசுகிறோம் சார், ஐயாயிரம் கட்டினால் முதலிடத்தில் வரும்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெரு, பெயர்ப்பலகை, கடையின் உள்பக்கம், ஷட்டரைத் திறப்பது அல்லது கல்லாவுக்குப் பின்னால் போவது என்று கடை உங்களுடையதுதான் எனக் காட்டும் காட்சிகளை ஒரே ஓட்டத்தில் எடுக்கவேண்டும். பலகையில் என்ன பெயரோ அதையே இங்கேயும் போடுங்கள். 'மதுரை பெஸ்ட் பிரியாணி டேஸ்டி சிக்கன்' என்று பெயரோடு ஒட்டவைப்பது கூகுள் விதிக்கு விரோதம், பக்கத்தையே முடக்கிவிடுவார்கள்.

அடுத்து விலை. வாடிக்கையாளர்கள் உங்கள் மெனு கார்டைப் படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். விலை ஏற்றிய பிறகும் பழைய படம் அங்கேயே கிடக்கும். "நெட்ல எண்பதுன்னு போட்டிருக்கு, நீங்க நூத்திப்பத்து கேக்குறீங்க" என்று கல்லாவில் சண்டை வரும். விலை மாறும்போதெல்லாம் தேதி எழுதிய புது மெனுவை நீங்களே ஏற்றிவிடுங்கள். அமாவாசை, பொங்கல், குலதெய்வக் கோயில் கொடை என்று கடை அடைக்கும் நாட்களையும் முன்கூட்டியே போட்டுவையுங்கள். இருபது கிலோமீட்டர் வந்து பூட்டைப் பார்த்தவர் எழுதும் ரிவ்யூவைவிடக் கோபமான ரிவ்யூ கிடையாது.

இரண்டு: என்ன படம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்

வாரத்தில் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி கூகுள், இன்ஸ்டாகிராம், யூடியூப் மூன்றிலும் உங்கள் கடையைத் தேடுங்கள். பெயரைத் தப்பாக எழுதுபவர்களும் உண்டு, அந்த எழுத்துகளிலும் தேடுங்கள். கருத்தைவிடப் படங்களைக் கவனியுங்கள். நீங்கள் கடன் வாங்கி ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பீர்கள், ஒருவரும் அதைப் படம் எடுத்திருக்கமாட்டார்கள். வாசலில் மாஸ்டர் பரோட்டா வீசுவதை, பித்தளை டபராவில் காபி ஆற்றுவதை, உங்கள் அம்மா கல்லாவில் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு சில்லறை எண்ணுவதை எடுத்திருப்பார்கள்.

அது தெரிந்துவிட்டால் செலவை எங்கே செய்வது என்பதும் தெரிந்துவிடும். எதைப் படம் எடுக்கிறார்களோ அந்த இடத்துக்கு வெளிச்சம் கொடுங்கள். வெள்ளை டியூப்லைட் போதும். நீலமும் ஊதாவுமாக எல்இடி பட்டை ஒட்டும் பழக்கம் இப்போது எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் சாம்பார் சாம்பல் நிறத்திலும் கோழிக்குழம்பு கறுப்பாகவும் விழும். கண்ணால் பார்க்கும்போது அழகு, போனில் பார்க்கும்போது பசியே போய்விடும்.

படத்துக்குள் கடைப் பெயர் வரவேண்டும். அதற்காகப் பேனரில் வாட்டர்மார்க் மாதிரி எல்லாச் சுவரிலும் அடிக்கவேண்டாம். பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் உள்ள சுவரில், டம்ளரில், பார்சல் கவரில், துணிக்கடை என்றால் ட்ரயல் ரூம் கண்ணாடியின் ஓரத்தில் இருந்தால் போதும். படம் பார்ப்பவர் "எந்தக் கடை?" என்று கேட்கிற அவசியம் இல்லாமல் போனால் பாதி வேலை முடிந்தது. பகிர்ந்தவர் உங்கள் கடைப் பெயரை டேக் செய்ய மறந்தாலும் பரவாயில்லை.

மூன்று: கேளுங்கள், ஆனால் கூலி கொடுக்காதீர்கள்

நன்றாகச் சாப்பிட்டவர் சும்மா போய்விடுவார். கல் கடித்தவர் மட்டும் மறக்காமல் எழுதுவார். அதனால் கேட்கத்தான் வேண்டும். கூகுள் பிசினஸ் பக்கத்திலேயே ரிவ்யூ எழுதுவதற்கான லிங்க்கும் கியூஆர் கோடும் கிடைக்கும். அதை அச்சடித்துக் கல்லாவில் வையுங்கள். பணம் செலுத்தும் கியூஆர் கோடுக்குப் பக்கத்தில் ஒட்டினால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள்.

கேட்கும் விதம் இப்படி இருக்கலாம்:

"சாப்பாடு எப்படிண்ணே இருந்துச்சு?"

"மீன் குழம்பு நல்லா இருந்துச்சு தம்பி. ரசம்தான் ஆறிப்போச்சு."

"நாளையிலேர்ந்து அடுப்புலயே வச்சுடச் சொல்றேண்ணே. நேரம் இருந்தா இதையே கூகுள்ல எழுதி விடுங்க. ரசத்தையும் சேர்த்தே எழுதுங்க."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு யாரும் ரசத்தைப் பற்றி மோசமாக எழுதப்போவதில்லை. எழுதினாலும் நல்லதுதான். நாற்பது ரிவ்யூவும் 'சூப்பர்', 'வேற லெவல்' என்றே இருந்தால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். 'மீன் குழம்பு அருமை, ரசம் ஆறியிருந்தது' என்ற ஒரு வரியைப் படிப்பவர் மீன் குழம்பை நம்பிக் கிளம்பி வருவார்.

ரிவ்யூ எழுதினால் பத்து சதவீதம் தள்ளுபடி, ஒரு குலாப் ஜாமூன் இலவசம் என்று போர்டு வைக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. சந்தோஷமாக இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும் கூடாது. மச்சான், கொழுந்தியாள், கடையில் வேலை செய்யும் பையன் எல்லோரும் ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போலி ரிவ்யூ விவகாரம் பெரிதாகி, இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஐஎஸ் 19000 என்று ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே ஒரு தரநிலையை வெளியிட்டது. ஐநூறு ரூபாய்க்கு நூறு ரிவ்யூ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் போடும் பெயர்களைக் கிளிக் செய்து பாருங்கள்: காலையில் உங்கள் மெஸ், மதியம் குவாஹாத்தியில் பல் ஆஸ்பத்திரி, மாலையில் ஜெய்ப்பூரில் டயர் கடை என்று ஒரே ஆள் பாராட்டியிருப்பார்.

நான்கு: திட்டு வரும்போது

இது எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் பகுதி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் சர்க்கரை அதிகம் என்று ஒரு வீடியோ போட்டார். வீடியோ அறிவியலுக்குப் புறம்பானது, உண்மையைத் திரிக்கிறது என்று சொல்லி அதைத் தயாரிக்கும் நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டுவிட்டார். விஷயம் அத்தோடு முடியவில்லை. நோட்டீஸ் அனுப்பியதே செய்தியாகி, வீடியோவைப் பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த வருடக் கடைசியில் பானத்தில் சர்க்கரை அளவு குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் போர்ன்விட்டா போன்ற பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி ஒன்றிய வணிக அமைச்சகம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பன்னாட்டு நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், 'கேஸ் போடுவேன்' என்று கமெண்டில் மிரட்டும் ஒரு மெஸ்காரருக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மிரட்டல் ஸ்க்ரீன்ஷாட்டாகி ஊரெல்லாம் சுற்றும்.

திட்டு வந்தால் முதலில் போனைக் கீழே வைத்துவிடுங்கள். கடை அடைத்தபின், அல்லது மறுநாள் காலையில் பதில் எழுதுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கடைப் பையன்களிடம் விசாரியுங்கள். பதில் எழுதும்போது அதைத் திட்டியவர் மட்டும் படிக்கப்போவதில்லை. அடுத்த ஒரு வருடம் உங்கள் கடையைத் தேடும் ஒவ்வொருவரும் படிப்பார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுங்கள்.

ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'ஞாயிறு மதியம் குடும்பத்தோடு போனோம். முக்கால் மணி நேரம் காக்கவைத்துவிட்டு பிரியாணி தீர்ந்துவிட்டது என்றார்கள். குழந்தை பசியில் அழுதது. மோசமான கடை.'

இதற்குப் பெரும்பாலானவர்கள் எழுதும் பதில்: 'தங்கள் கருத்துக்கு நன்றி. தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். எங்களை மெயிலில் தொடர்புகொள்ளவும்.' இதைப் படித்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம்ங்க. ஞாயிறு ஒன்றரை மணிக்கே பிரியாணி முடிந்துவிட்டது. அதை டோக்கன் கொடுக்கும்போதே சொல்லியிருக்கவேண்டும், சொல்லாமல் உட்காரவைத்தது எங்கள் தப்பு. இந்த வாரத்திலிருந்து எத்தனை பிளேட் பாக்கி என்று வாசல் போர்டிலேயே எழுதிவைக்கிறோம். குழந்தையைப் பசியோடு அனுப்பியதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்தமுறை வரும்போது கல்லாவில் என்னைக் கேளுங்கள்.'

இதில் சாக்குப்போக்கு இல்லை, என்ன மாற்றினீர்கள் என்பது இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: போர்டில் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு எழுதாமல் விட்டால், அடுத்து வருபவர் அதையே படம் பிடித்துப் போடுவார்.

வராத ஆள் எழுதியது, போட்டிக் கடைக்காரர் எழுதவைத்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் கூகுளில் புகார் செய்யுங்கள். நீங்களாக அழிக்க முடியாது, கூகுளும் எல்லாவற்றையும் அழித்துவிடாது. 'இந்தத் தேதியில் எங்கள் கடை விடுமுறை' என்று உண்மையை மட்டும் ஒரு வரியில் பதிலாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடையில் ஏதாவது திருடு போனால் சிசிடிவி காட்சியை ஸ்டேட்டஸில் வைத்து 'இவரைத் தெரிந்தால் சொல்லுங்கள், அதிகம் பகிருங்கள்' என்று போடும் பழக்கம் வந்துவிட்டது. செய்யாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பி, குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தை அடித்து, ஒரு மூதாட்டியைக் கொன்றேவிட்டார்கள். அந்த வருடம் இந்தியாவெங்கும் இப்படி நடந்த சாவுகளுக்குப் பிறகுதான் வாட்ஸ்அப் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இங்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. காட்சியைப் பென்டிரைவில் போட்டுக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

ஐந்து: அவர் எடுத்த படம் அவருடையது

உங்கள் கடை, உங்கள் இட்லி, ஆனாலும் படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் உங்களை டேக் செய்திருந்தால் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் அப்படியே பகிர்வது அந்தத் தளத்தின் வசதி, அதில் சிக்கல் இல்லை. ஆனால் படத்தைத் தரவிறக்கி பேனரிலோ பார்சல் கவரிலோ போடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு மெசேஜ் போதும்:

'வணக்கம் மேடம், நீங்க எங்க கடையில் எடுத்த காபி படம் ரொம்ப நல்லா இருக்கு. இதை எங்க இன்ஸ்டா பக்கத்திலயும் கடை வாசல் போர்டிலயும் உங்க பெயர் போட்டு வச்சுக்கலாமா? வேண்டாம்னா பரவாயில்லை, சொல்லிடுங்க.'

எங்கெல்லாம் போடப்போகிறீர்கள் என்று சொல்லிக் கேட்பது முக்கியம். பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். படத்தில் பின்னால் வேறு மேஜைக் குடும்பம், குறிப்பாகக் குழந்தைகளின் முகம் தெரிந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

சினிமாப் பாட்டு விஷயமும் இதேதான். நண்பர்கள் போடும் ரீல்ஸில் ஓடுகிற பாட்டு உங்கள் பிசினஸ் கணக்கில் வராமல் போனால் போன் கெட்டுப்போகவில்லை. வியாபாரத்துக்கு அந்தப் பாட்டுக்கு உரிமம் கிடையாது, அவ்வளவுதான். பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தத்தையே வையுங்கள். பாட்டைவிட அது நன்றாகத்தான் இருக்கிறது.

மசாலாப் பொடி, சத்துமாவு, மூலிகை எண்ணெய் விற்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். 'இதைச் சாப்பிட்டு எனக்குச் சர்க்கரை நோயே போய்விட்டது' என்று ஒரு வாடிக்கையாளர் உண்மையாகவே நம்பி எழுதலாம். அவர் சொன்னது அவரோடு. அதை நீங்கள் எடுத்துப் பகிர்ந்தால் அது உங்கள் விளம்பரம். நீரிழிவு உட்பட ஒரு பட்டியல் நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது.

ஆறு: யூடியூபர் வாசலில் வந்து நிற்கிறார்

கடை கொஞ்சம் பெயர் எடுத்ததும் கேமராவோடு ஒருவர் வருவார், அல்லது 'கொலாப் பண்ணலாமா ப்ரோ' என்று மெசேஜ் வரும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பது தொழில்தான். அதை விளம்பரம் என்று சொல்லாமல் மறைப்பதுதான் தப்பு.

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021 ஜூன் 14 முதல் இதற்கு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்கள் குறித்த விதிகளைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை பிரபலங்களுக்கும் சமூக ஊடகப் பரிந்துரையாளர்களுக்கும் என்றே ஒரு கையேடு வெளியிட்டது. சாரம் இதுதான்: பணம் மட்டுமல்ல, இலவசச் சாப்பாடு, இலவசப் பொருள், தள்ளுபடி, தங்கும் அறை, சொந்தக்காரர் என்ற உறவுகூட இருந்தால் அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே, எழுத்திலும் குரலிலும். வீடியோ எந்த மொழியோ அந்த மொழியில். ஆகவே தமிழ் வீடியோவில் 'விளம்பரம்' என்றோ 'கட்டணம் பெற்றுச் செய்யப்பட்டது' என்றோ தமிழிலேயே வரவேண்டும். டிஸ்க்ரிப்ஷனின் அடியில் பத்து ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒளித்துவைத்தால் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. விலையுயர்ந்த பொருளைக் கொடுத்து அவரே வைத்துக்கொண்டால் வருமானவரிக் கணக்கும் வரும். அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் இருக்கட்டும், வியாபாரத்துக்கு வருவோம். பணம் பேசுவதற்கு முன்னால் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "உங்க வீடியோவை எந்த ஊர்க்காரங்க பார்க்குறாங்க, அந்தப் பக்கத்தைக் காட்டுங்க." இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் இந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோவில் ஒன்பது லட்சம் பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தால் தேனியில் உள்ள உங்கள் டிபன் கடைக்கு என்ன பிரயோஜனம்? எட்டாயிரம் பேர் பின்தொடரும் உள்ளூர்ப் பெண் ஒருவர், பேருந்து நிலையத்திலிருந்து எப்படி வரவேண்டும் என்று காட்டிப் போடும் வீடியோ உங்களுக்கு அதைவிட லாபம். ஆன்லைனில் கூரியர் அனுப்பி விற்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

பேசிமுடித்ததை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தொகை, எத்தனை வீடியோ, எந்த நாளில் வரும், 'விளம்பரம்' என்று போடுவார், அந்த வீடியோவை நீங்களும் பயன்படுத்தலாமா கூடாதா. சுவையைப் பற்றி இப்படித்தான் சொல்லவேண்டும் என்று எழுதிக்கொடுக்காதீர்கள். கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் யாரும் சொல்லாத விஷயம்: வீடியோ வந்த மறுநாள். நூறு பேர் சாப்பிடும் மெஸ்ஸுக்கு நானூறு பேர் வருவார்கள். பன்னிரண்டரைக்கே சோறு தீரும். தினமும் ஒரு மணிக்கு வரும் பேங்க் ஊழியரும் லாரி டிரைவரும் இடமில்லாமல் திரும்பிப்போவார்கள். புதிதாக வந்தவர்கள் வரிசையில் நின்ற எரிச்சலில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள். மூன்று வாரத்தில் கூட்டம் வடிந்துவிடும், ஒரு நட்சத்திரம் மட்டும் நிற்கும். ஆகவே வீடியோ வெளிவரும் நாளை நீங்கள் தீர்மானியுங்கள், சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். அந்த வாரம் மெனுவைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். வாடிக்கையாக வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி நாலு மேஜையை ஒதுக்கிவையுங்கள். எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை டோக்கன், அதற்குமேல் வருபவரிடம் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஏழு: நிருபர் கூப்பிட்டால், வதந்தி வந்தால்

உள்ளூர்ச் செய்தியாளர்கள் இப்போது கதை தேடுவது ரீல்ஸில்தான். ஒரு ரூபாய்க்கு இட்லி, எண்பது வயதில் தறி ஓட்டும் பாட்டி என்று போனில் ஓடுவது மறுநாள் நாளிதழில் வரும். கூப்பிட்டால் உண்மையான தகவலை மட்டும் சொல்லுங்கள். 'நூறு வருடப் பாரம்பரியம்' என்று அடித்துவிட்டால், பழைய ஆட்கள் கமெண்டில் வந்து கடை திறந்த தேதியைப் போட்டுவிடுவார்கள். உங்களைப் பற்றிச் செய்தி போட ஒருவர் பணம் கேட்டால் அது செய்தி இல்லை, விளம்பரம். அதற்கு ஆறாவது பகுதியில் சொன்னதெல்லாம் பொருந்தும்.

வதந்தி வேறு வகை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சம்பந்தமே இல்லாத வீடியோக்கள் பரவின. திருப்பூர், கோவைப் பக்கம் தொழிலாளர்கள் பயந்துபோனார்கள், தொழிற்சாலைகள் தவித்தன. காவல்துறை இந்தியிலேயே விளக்கம் வெளியிட்டது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்த்தது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்: பயந்தவர்களின் மொழியிலேயே பதில் சொல்லவேண்டும், அதே தளத்தில் சொல்லவேண்டும். உங்கள் கடையில் பிளாஸ்டிக் அரிசி என்று ஒருவர் கிளப்பிவிட்டால் நாலு பக்க அறிக்கை வேண்டாம். அரிசி மூட்டையின் பெயர் தெரிய, மூட்டையைப் பிரித்து, ஊறவைத்து, வடித்து, நீங்களே ஒரு கவளம் சாப்பிடும் ஒரு நிமிட வீடியோ போடுங்கள். வதந்தி வீடியோவின் துண்டை அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பார்க்காதவர்களுக்கும் நீங்களே காட்டியதாகிவிடும். கிளப்பியவர் விடாமல் செய்தால் ஸ்க்ரீன்ஷாட்டுகளோடு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள்.

எட்டு: கல்லாவில் ஒரு நோட்டு

லைக்கை வைத்துக் கரண்ட் பில் கட்ட முடியாது. எது ஆட்களைக் கொண்டுவருகிறது என்று தெரிந்துகொள்ள இலவசமான வழி ஒன்று இருக்கிறது. புதுமுகம் ஒன்று பில் கட்டும்போது "நம்ம கடை எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டு மேப், ரீல்ஸ், தெரிந்தவர் சொன்னது, வழியில் போர்டு பார்த்தது என்று கட்டம் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். கூகுள் பிசினஸ் பக்கத்தில் மாதம் எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள் என்ற எண்ணிக்கையும் வரும்; மாதக் கடைசியில் அதையும் நோட்டில் எழுதுங்கள். 'தெரிந்தவர் சொன்னது' என்பவரிடம் நேரில் சொன்னாரா, ஸ்டேட்டஸில் பார்த்தீர்களா என்று கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள். பல கடைகளில் ஸ்டேட்டஸ்தான் சத்தமில்லாமல் ஆள் பிடித்துக்கொண்டிருக்கும், அதை எந்த ஆப்பும் கணக்குக் காட்டாது.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டிப் பாருங்கள். யூடியூபருக்குப் பணம் கொடுப்பதா, பரோட்டாக் கல்லுக்கு மேல் இன்னொரு டியூப்லைட் மாட்டுவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.